குழந்தைக்கு எந்த விளையாட்டுச் சிகிச்சை? தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை

ஐந்து வயதுக் குழந்தை திடீரென்று யாருடனும் ஒட்டாமல் ஒதுங்குகிறது. அல்லது தொட்டதற்கெல்லாம் அடிக்கிறது, கையில் கிடைத்ததை வீசுகிறது, இரவில் அலறி எழுகிறது. நாலு பேரிடம் விசாரித்தால் ஒருவராவது "ப்ளே தெரபிக்குக் கூட்டிப் போங்க" என்பார். அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று நேரெதிரான வழிமுறைகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோரிடம் யாரும் விளக்குவதில்லை. ஒன்றில் தெரபிஸ்ட் குழந்தைக்கு எதையும் கற்றுத்தர மாட்டார், இன்னொன்றில் கற்றுத்தருவதுதான் அவர் வேலையே. ஒன்றில் பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள், வேறொன்றில் தெரபிஸ்ட் விளையாட்டுக்குள் வரவே மாட்டார், அம்மாவோ அப்பாவோதான் தரையில் உட்கார வேண்டும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "எந்த முறை சிறந்தது?" என்று தொடங்கினால் விடை கிடைக்காது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்: குழந்தை உள்ளே சுமக்கும் ஏதோ ஒன்றிலா, ஒரு குறிப்பிட்ட பயத்திலா, அல்லது பெற்றோருக்கும் குழந்தைக்கும் நடுவிலா? 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளின் பெரும்பாலான உணர்ச்சிச் சிக்கல்களுக்கு, பெற்றோரையே பயிற்றுவிக்கும் வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். அது பொருந்தாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

விளையாட்டு என்ன செய்கிறது

சுமார் 3 வயதிலிருந்து 12 வயது வரை, குழந்தைக்குள் உணர்வு முழு அளவில் இருக்கிறது, அதைச் சொல்லும் மொழிதான் பின்தங்கி வருகிறது. "ஏன் அழுத?" என்று கேட்டால் "தெரியல" என்பது பெரும்பாலும் உண்மையான பதில். அதே குழந்தை மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று மாலை பொம்மையைப் படுக்க வைத்து ஊசி குத்தும். பொம்மைக்காகத் தானே அழும். பிறகு "ஆடாம இரு, ஒண்ணும் ஆகாது" என்று பொம்மையை அதட்டும். இதில் மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. ஊசி குத்தப்பட்ட குழந்தை இப்போது குத்தும் இடத்தில் இருக்கிறது. வலி பொம்மையுடையதாகிவிட்டதால் அதை நெருங்கிப் பார்க்க முடிகிறது. திரும்பத் திரும்பச் செய்வதால் பயத்தின் கூர் மழுங்குகிறது.

அப்படியானால் சும்மா விளையாட விட்டால் போதாதா? பல குழந்தைகளுக்கு அதுவே போதும். சிகிச்சையில் கூடுதலாக இருப்பவை சிலதான்: மாறாத நாள், நேரம், இடம். இடம் மாறாத பொம்மைகள். சில உறுதியான எல்லைகள். குழந்தை காட்டும் உணர்வைப் பெயர் சொல்லித் திருப்பித் தருகிற, அதை உடனே சரிசெய்யப் பாயாத ஒரு பெரியவர். இந்தக் கடைசி விஷயம்தான் மிகக் கடினம். அழுகிற குழந்தையிடம் "அழாதே" என்று சொல்லாமல் இருக்கப் பெரியவர்களுக்கே பயிற்சி தேவைப்படுகிறது.

விளையாட்டு சிக்கிக்கொள்வதும் உண்டு. 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகளில் பெரும்பாலோரைத் தொடர்ந்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சில குழந்தைகளின் விளையாட்டு அப்படியே உறைந்துபோனதைப் பதிவு செய்தார். ஒரே காட்சி, ஒரே முடிவு, முகத்தில் மகிழ்ச்சியே இல்லை, விளையாடி முடித்த பின்பும் பதற்றம் தணியவில்லை. ஆரோக்கியமான மறுவிளையாட்டில் கதை கொஞ்சம் கொஞ்சமாக நகரும்: ஒரு வாரம் யாராவது உதவிக்கு வருவார்கள், அடுத்த வாரம் பொம்மை தப்பித்து ஓடும். வாரக்கணக்கில் எதுவும் நகராமல், முடிவில் குழந்தை முன்னைவிடக் கலங்கியிருந்தால், அங்கே வெறுமனே உடனிருப்பது போதாது. இந்த வேறுபாடு தெரிந்தவரா என்பதை வைத்தே தெரபிஸ்டை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

குழந்தையே வழிநடத்தும் முறை

வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எட்டுக் கொள்கைகளாக வகுத்துத் தந்தது இது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் சிந்தனையிலிருந்து கிளைத்தது. பின்னர் கேரி லேண்ட்ரெத் இதை விரிவாக்கினார். எதை எடுப்பது, எப்படி விளையாடுவது, பேசுவதா வேண்டாமா என எல்லாம் குழந்தையின் முடிவு. தெரபிஸ்ட் கேள்வி கேட்க மாட்டார், பாராட்ட மாட்டார், பாடம் நடத்த மாட்டார். பார்ப்பதைச் சொல்வார், உணர்வைச் சொல்வார்.

வாரத்துக்கு ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். பள்ளிகளில் 30 நிமிடமாகச் சுருக்குவதுண்டு. பொம்மைகளில் மூன்று வகை கட்டாயம் இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைக் காட்டுபவை: குடும்பப் பொம்மைகள், பால்புட்டி, சமையல் சாமான், டாக்டர் செட், வண்டிகள். கோபத்தை வெளிவிடுபவை: சிப்பாய்கள், பற்கள் தெரியும் முதலை, ரப்பர் கத்தி, குத்தினால் திரும்ப நிமிரும் காற்றடைத்த பொம்மை. படைக்க உதவுபவை: மணல், களிமண், வண்ணம், தாள். இரண்டாவது வகையே இல்லாத, பார்க்க அழகான அறைகள் நிறைய. அங்கே கோபக்காரக் குழந்தைக்கு "உன் கோபத்துக்கு இங்கே இடமில்லை" என்ற செய்திதான் போகிறது. மின்னணு விளையாட்டுப் பொருள்களும் பலகை விளையாட்டுகளும் குறைவாக இருப்பது நல்லது. அவை விதியோடு வருவதால் குழந்தையின் சொந்தக் கதைக்கு வழிவிடுவதில்லை.

எல்லை வைப்பதற்கு லேண்ட்ரெத் வகுத்த மூன்று படிகள் இருக்கின்றன. குழந்தை மரக்கட்டையைத் தூக்கித் தெரபிஸ்ட் மேல் குறிவைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உணர்வு: "உனக்கு என் மேல ரொம்பக் கோபம்." அடுத்து எல்லை: "ஆனா ஆள் மேல கட்டையை வீசக் கூடாது." பிறகு மாற்றுவழி: "அந்த முதலை மேல வீசலாம்." மீண்டும் ஓங்கினால் இந்த மூன்றையும் பொறுமையாகத் திரும்பச் சொல்லிவிட்டு, "வீசினா, இன்னிக்குக் கட்டை வேண்டாம்னு நீ முடிவு பண்ணிட்டன்னு அர்த்தம்" என்று தேர்வை அதன் கையில் கொடுப்பார். வரிசைதான் முக்கியம். எல்லையை முதலில் சொன்னால் அது அதட்டலாகிவிடுகிறது. மாற்றுவழி சொல்லாமல் விட்டால் கோபம் போக இடமில்லாமல் நிற்கிறது.

யாருக்கு இது பொருந்தும்? பெற்றோர் பிரிவு, நெருங்கியவர் மரணம், இடமாற்றம், நீண்ட நோய் போன்றவற்றை உள்ளே சுமக்கும் குழந்தைக்கு. காரணம் எதுவென்றே தெரியாத சோர்வுக்கு. பெரியவர்கள் மேல் நம்பிக்கை உடைந்துபோன குழந்தைக்கு.

எங்கே பிசகுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் வீட்டில் அடம் கூடுவது சகஜம். அடக்கி வைத்திருந்ததை வெளியே விடலாம் என்று குழந்தை இப்போதுதான் கற்றிருக்கிறது. "தெரபிக்குப் போய்க் கெட்டுப்போச்சு" என்று அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அறிந்தவரை மிகப் பெரிய இழப்பு. குழந்தை திறந்து காட்டிய நேரத்தில் கதவு சாத்தப்படுகிறது. இரண்டாவது பிசகு, வெளியே வந்ததும் "இன்னிக்கு என்ன பண்ணின? என்னைப் பத்திச் சொன்னியா?" என்று விசாரிப்பது. இரண்டு வாரம் இப்படிக் கேட்டால் அந்த அறை குழந்தைக்குச் சொந்தமில்லாமல் போய்விடும். "வா, போகலாம்" என்பதோடு நிறுத்துங்கள். அதுவாகச் சொன்னால் கேளுங்கள். மூன்றாவது, சீக்கிரம் பலன் வேண்டுமென்ற அவசரத்தில் தெரபிஸ்டே நடுவில் அறிவுரைக்குத் தாவுவது. அப்போது இரண்டு முறைகளின் பலனும் கிடைக்காமல் போகும்.

இலக்கு வைத்துக் கற்றுத்தரும் முறை

எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சின்னக் குழந்தைகளுக்கேற்ப விளையாட்டாக மாற்றியவர் சூசன் நெல். இரண்டரை முதல் ஆறு வயதுக் குழந்தைகளை மனதில் வைத்து உருவானது. குழந்தையிடம் "உன் எண்ணத்தை மாற்று" என்று சொல்ல முடியாது, ஆனால் கைப்பொம்மைக்கு அதே பயம் இருக்கலாம், பொம்மை தன்னிடமே பேசிச் சமாளிப்பதைக் குழந்தை பார்க்கலாம், பிறகு பொம்மைக்கே அது சொல்லித்தரலாம்.

நாய்ப் பயத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு மூன்று அமர்வுகள் அளவிடுவதற்கே போகும்: எந்த நாய், எவ்வளவு தூரம், பார்த்தால் குழந்தை என்ன செய்கிறது, அப்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள். பிறகு ஏணி கட்டுவார்கள். நாய்ப் படம், பொம்மை நாய், காணொளி, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் நாய், பத்தடி தூரத்தில் கட்டிப்போட்ட சாதுவான நாய் என்று எட்டுப் பத்துப் படிகள். ஒவ்வொரு படியையும் முதலில் பொம்மை ஏறும். "பயமா இருக்கு, ஆனா நான் மெதுவா மூச்சு விடுறேன்" என்று பொம்மை சொல்லும். அடுத்து குழந்தை. கடைசியில், பயம் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் முடிப்பார்கள்.

இங்கே தோல்விக்குக் காரணங்கள் தெளிவானவை. படிகள் பெரிதாக இருந்தால் குழந்தை ஒரு படியில் அலறி ஓடும், பயம் முன்னைவிட உறுதிப்படும். பதற்றம் இறங்குவதற்கு முன்பே விலக்கிவிட்டாலும் அதே கதி. பொம்மை தொடக்கத்திலேயே வீராதிவீரனாக இருந்தால் குழந்தைக்கு அது அந்நியம். பயந்து, தடுமாறி, பிறகு சமாளிக்கும் பொம்மையிடமிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் குலைப்பது வீட்டுப் பயிற்சி இல்லாமை. வாரம் ஒருநாள் அறையில் ஏணி ஏறிவிட்டு, மற்ற ஆறு நாளும் நாயைக் கண்டதும் பெற்றோர் தூக்கிக்கொண்டு ஓடினால், ஓடுவதற்குத்தான் பயிற்சி கிடைக்கிறது.

பிரிவுப் பதற்றம், இருட்டுப் பயம், மலம் கழிப்பதை அடக்கிக்கொள்ளும் பழக்கம், வீட்டில் கலகலவென்று பேசி வெளியே வாயே திறக்காத நிலை என, பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரே சிக்கலாக இருந்தால் இந்த வழியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். துக்கத்துக்கும் இழப்புக்கும் இது இயல்பான வழியில்லை.

பெற்றோரே தெரபிஸ்ட்டாகும் முறை

1964இல் பெர்னார்ட் கெர்னி முன்வைத்து, லூயிஸ் கெர்னியோடு சேர்ந்து வளர்த்த 'ஃபிலியல் தெரபி' அந்தக் காலத்தில் துணிச்சலான யோசனை. குழந்தையின் சிக்கலுக்குப் பெற்றோரே காரணம் என்று துறை நம்பிக்கொண்டிருந்தபோது, பெரும்பாலும் அவர்களுக்குக் குறைவது பயிற்சிதான் என்றார் கெர்னி. இதன் சுருக்க வடிவத்தை லேண்ட்ரெத்தும் சூ பிராட்டனும் பத்து வாரப் பயிற்சியாக அமைத்தார்கள். ஆறு முதல் எட்டுப் பெற்றோர் கொண்ட குழு, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம். முதல் மூன்று வாரம் கற்றல். அதன்பின் வீட்டில் வாரம் ஒருமுறை 30 நிமிடம், ஒரே ஒரு குழந்தையுடன் விளையாட்டு நேரம். அதைக் காணொளி எடுத்து வந்து குழுவில் பார்க்கிறார்கள். காணொளி எடுக்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற பெற்றோருக்குப் பலன் பாதியாகிவிடும். நாம் என்ன சொன்னோம் என்று நினைக்கிறோமோ அதற்கும் உண்மையில் சொன்னதற்கும் உள்ள தூரம் திரையில்தான் தெரிகிறது.

பெட்டி ஒன்று போதும். குழந்தைப் பொம்மை, பால்புட்டி, டாக்டர் செட்டும் சில கட்டுத்துணிகளும், இரண்டு விளையாட்டுப் போன், சின்னக் குடும்பப் பொம்மைகள், வீட்டு விலங்கு, காட்டு விலங்கு, வண்டி, சிப்பாய்கள், ரப்பர் கத்தி, கயிறு, மாவுக் களிமண், எட்டு வண்ண மெழுகுக் குச்சி, தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், பந்து, முகமூடி. இந்தப் பெட்டி அந்த அரைமணிக்கு மட்டுமே திறக்க வேண்டும். மற்ற நாளில் திறந்தால் அது சாதாரண பொம்மைக் கூடையாகி, அந்த நேரத்தின் தனித்தன்மை போய்விடும். தரையில் ஒரு விரிப்பு, அதுதான் எல்லை. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று ஒருமுறை நீட்டினால் அடுத்த வாரம் முடிவே சண்டையாகும்.

அந்த அரைமணிக்குள் என்ன பேசுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குழந்தை கட்டைகளை அடுக்குகிறது, சரிகிறது, முகம் சுருங்குகிறது. நம் வாயில் உடனே வருவது: "பரவாயில்ல, பெரிய கட்டையைக் கீழ வை, நான் காட்டட்டுமா?" அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் ஏமாற்றம் கவனிக்கப்படவில்லை, தீர்வும் பறிபோயிற்று. பதிலாக: "இவ்வளவு உயரம் கட்டின, சரிஞ்சதும் கடுப்பாயிடுச்சு." அவ்வளவுதான். பிறகு அமைதி. குழந்தை கட்டையை உதைக்கலாம், மீண்டும் அடுக்கலாம், "நீ கட்டு" என்று தள்ளலாம். தள்ளினால் "எப்படிக் கட்டணும்னு நீ சொல்லு" என்று பொறுப்பை அங்கேயே விடலாம். "சமத்து" என்ற பாராட்டுக்குப் பதிலாக "விடாம மூணு தடவை அடுக்கின" என்று செய்ததைச் சொல்வது நல்லது. சமத்துப் பட்டம் கிடைத்த குழந்தை அடுத்த முறை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து விளையாடும்.

எழுதியதைப் படிக்க எளிது, செய்வது எளிதல்ல. வழக்கமாக நிகழும் தவறுகள் இவை: அரைமணியையும் கேள்விகளால் நிரப்புவது. பொம்மையை வைத்துப் பாடம் கற்பிப்பது. அண்ணனையும் தம்பியையும் சேர்த்து உட்கார வைப்பது. முந்தின நாள் குறும்புக்குத் தண்டனையாக இந்த நேரத்தை ரத்து செய்வது. கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் செய்யாதீர்கள். மோசமான வாரத்தில்தான் அந்த நேரம் குழந்தைக்கு அதிகம் தேவை.

இந்த வழியை நாங்கள் முன்னிறுத்துவதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. பிராட்டனும் சக ஆய்வாளர்களும் 2005இல் 93 கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டுச் சிகிச்சையின் மொத்த விளைவு அளவு (சிகிச்சை பெற்ற, பெறாத குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டும் எண்; கூடக் கூடப் பலன் பெரிது) 0.80 வந்தது. தொழில்முறைத் தெரபிஸ்ட் நடத்தியவற்றில் 0.72, பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியவற்றில் 1.15. 35 முதல் 40 அமர்வுகளில் பலன் உச்சத்தைத் தொட்டது. இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பல ஆய்வுகளில் மாற்றத்தை மதிப்பிட்டதும் பெற்றோரே. தான் உழைத்த காரியத்தில் முன்னேற்றம் காண்பது மனித இயல்பு. 2015இல் லின்னும் பிராட்டனும் குழந்தை வழிநடத்தும் முறையை மட்டும் எடுத்து 52 ஆய்வுகளைக் கடுமையான கணக்கீட்டில் பார்த்தபோது 0.47 என்ற மிதமான விளைவே தெரிந்தது. மிதமானாலும் மெய்யான பலன். பெற்றோர் ஈடுபட்டால் பலன் கூடுகிறது என்ற போக்கு வெவ்வேறு தொகுப்பாய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவதால்தான் அதன்மேல் நம்பிக்கை வைக்கிறோம். இன்னொரு காரணம் வெளிப்படையானது. தெரபிஸ்ட் ஒருநாள் போய்விடுவார், பெற்றோர் இருப்பார்கள்.

பொருந்தாத இடம்: பெற்றோரே கடும் மனச்சோர்விலோ, துக்கத்திலோ, விவாகரத்துச் சண்டையின் நடுவிலோ இருந்தால் அவர்கள் மேல் இதைச் சுமத்தக் கூடாது. அரைமணி தன் மனதை ஒதுக்கி வைக்க முடியாத நிலையில் உட்கார்ந்தால் இருவருக்கும் காயம்தான் மிஞ்சும். அப்போது குழந்தைக்குத் தெரபிஸ்ட், பெற்றோருக்குத் தனி உதவி. சில மாதம் கழித்து இந்த வழிக்கு வரலாம். குழந்தைக்குக் கொடுமை செய்தவரை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது.

காதில் வழிகாட்டும் முறை

சிக்கல் அடம், அடிதடி, சொன்ன பேச்சுக்கு நேர்மாறு என்ற வகையாகவும், குழந்தை 2 முதல் 7 வயதுக்குள்ளாகவும் இருந்தால் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சையைத் தேடுங்கள். சுருக்கமாக பி.சி.ஐ.டி. என்பார்கள். பெற்றோரும் குழந்தையும் அறைக்குள், தெரபிஸ்ட் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால், பெற்றோரின் காதில் அவர் சொல்வதைக் கேட்க ஒரு சின்ன இயர்போன். தவறு நடக்கும் நொடியிலேயே திருத்தம் கிடைக்கும்.

இங்கே அளவுகோல் கறாரானது. முதல் கட்டத்தை முடிக்க, ஐந்து நிமிடத்தில் பெற்றோர் பத்துக் குறிப்பான பாராட்டு, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது பத்து, அதன் செயலை விவரிப்பது பத்து சொல்லியிருக்க வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்து மூன்றைத் தாண்டக் கூடாது. பலர் தடுக்கி விழுவது கேள்வியில். "வண்டி ஓட்டுற" என்று சொல்ல நினைத்து "வண்டி ஓட்டுறியா?" என்றே வாயில் வரும். வீட்டில் தினமும் ஐந்தே நிமிடம் பயிற்சி. அந்த ஐந்து நிமிடத்தை விடுகிற குடும்பம் வாரக்கணக்கில் முதல் கட்டத்திலேயே நிற்கும்.

இரண்டாம் கட்டம் கட்டளை. ஒரு நேரத்தில் ஒன்று, நேரடியாக, "செய்யாதே" என்பதை விட்டு "செய்" என்பதாக: "ஓடாத" என்பதற்குப் பதில் "என் கையைப் பிடிச்சுக்க". சொல்லிவிட்டு ஐந்து நொடி வாய்திறக்காமல் காத்திருக்க வேண்டும். கேட்டால் உடனே பாராட்டு, கேட்காவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை, பிறகு முன்கூட்டியே விளக்கிப் பழக்கிய ஒதுக்க நேரம், அதாவது சிறிது நேரம் தனியே உட்கார வைக்கும் 'டைம்-அவுட்'. பாராட்டும் உறவும் கட்டப்படாமல் இந்தக் கட்டத்துக்கு மட்டும் தாவினால் அது வெறும் தண்டனைமுறை. இணையத்தில் படித்துவிட்டு ஒதுக்க நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இதையே செய்கிறார்கள்.

கவனியுங்கள்: பெற்றோரே தெரபிஸ்ட்டாகும் மூன்றாவது வழியில் பாராட்டு தவிர்க்கப்படுகிறது, இதில் எண்ணி எண்ணிப் பாராட்டுகிறார்கள். முரண்தான், ஆனால் நோக்கம் வேறு. அங்கே குழந்தை தன்னைத் தானே மதிப்பிடக் கற்கிறது, இங்கே விரும்பத்தக்க நடத்தை பெருகுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே மாதத்தில் கலந்து செய்ய வேண்டாம்.

மணல்தட்டு முறை, தெராப்ளே ஆகிய பெயர்களும் காதில் விழும். மணல்தட்டு மார்கரெட் லோவென்ஃபெல்டின் பணியிலிருந்து வந்தது. உள்பக்கம் நீலம் பூசிய தட்டில் மணலும் நூற்றுக்கணக்கான சின்ன உருவங்களும் வைத்து உலகம் அமைப்பது. பேச விரும்பாத பெரிய குழந்தைக்கு, ஒன்பது பத்து வயதுக்கு மேல், பொம்மை அறையைவிட இது கௌரவமாக இருக்கும். தெராப்ளே ஆன் ஜெர்ன்பெர்க் தொடங்கியது. பெரியவர் வழிநடத்த, பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து ஆடும் உடல்சார்ந்த விளையாட்டுகள். தத்தெடுத்த குழந்தை, பிணைப்பு உருவாகாத குழந்தை என்றால் பொருத்தம். தொடுகையை வெறுக்கும் குழந்தையை வற்புறுத்திப் பிடித்து வைக்கும் எவரிடமும், அதற்கு என்ன பெயர் சொன்னாலும், கூட்டிப் போகாதீர்கள்.

விளையாட்டுச் சிகிச்சைக்கு முன்னால்

சிறுநீர் கட்டுப்பாடு வந்த பிறகு மீண்டும் திடீரென்று படுக்கையை நனைத்தால் முதலில் குழந்தை மருத்துவர். தொற்றோ சர்க்கரை நோயோ இருக்கலாம். குறட்டையும் தூக்கக் குறைவும் பகலில் எரிச்சலாகத் தெரியும். காது கேட்பதில் குறை, பேச்சு தாமதம், கற்றல் சிரமம், ஆட்டிசம் ஆகியவையும் 'அடம்' என்ற உருவில் வரும். தகாத தொடுகை, வன்முறை, விபத்து என்று அறிந்த அதிர்ச்சி ஒன்று இருந்தால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 3 வயதிலிருந்தே தரலாம், பெற்றோரும் பங்கேற்பார்கள், விளையாட்டையும் கருவியாகப் பயன்படுத்துவார்கள். ஆபத்து இன்னும் தொடர்ந்தால் முதலில் பாதுகாப்பு, பிறகுதான் சிகிச்சை. கைகழுவிக்கொண்டே இருப்பது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போன்ற எண்ணச்சுழல் நோய்க்கு வெறும் விளையாட்டறை பலன் தராது. குழந்தை சாவைப் பற்றி, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவ உதவி.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியவை

எந்த முறையில் பயிற்சி பெற்றார், இப்போதும் மூத்தவரின் மேற்பார்வையில் இருக்கிறாரா, பெற்றோரை எத்தனை அமர்வுக்கு ஒருமுறை சந்திப்பார், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பார். நான்கு ஐந்து அமர்வுக்கு ஒருமுறையாவது பெற்றோரைச் சந்திக்காதவரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அளப்பதற்கு ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட பலங்கள்-சிரமங்கள் வினாத்தாள் போன்ற ஒன்றைத் தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் நிரப்பினால் போதும். பெற்றோர் ஒரு தாள், ஆசிரியர் ஒரு தாள். ஆசிரியருக்கு உங்கள் நம்பிக்கையின் சாய்வு இருக்காது.

குழந்தை அறையில் செய்ததை வரிக்கு வரி சொல்ல மாட்டேன், பொதுவான போக்கைச் சொல்வேன், ஆபத்து தெரிந்தால் உடனே சொல்வேன் என்பவர் சரியான எல்லையில் நிற்கிறார். ஒரே ஒரு ஓவியத்தைக் காட்டி "இதற்கு அர்த்தம் இதுதான்" என்று அடித்துச் சொல்பவரிடமும், நான்கே அமர்வில் சரியாக்கிவிடுவேன் என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. கருப்பு வண்ணம் அருகில் இருந்ததாலேயே குழந்தை கருப்பில் வரைந்திருக்கலாம்.

எட்டுப் பத்து அமர்வில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கோபம் வருவதே நிற்கவில்லை என்றாலும், அது தணிய எடுக்கும் நேரம் குறைகிறதா, தூக்கம் சீராகிறதா, "எனக்குக் கடுப்பா இருக்கு" என்று வாயால் சொல்கிறதா, நண்பர்களிடம் போகிறதா? இவற்றில் ஒன்றுகூட நகரவில்லையென்றால் முறையை மாற்றலாமா என்று தெரபிஸ்டிடமே கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முடிக்கும்போது திடீரென்று நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே யாரையோ இழந்த குழந்தைக்கு அது இன்னொரு இழப்பு. மூன்று நான்கு வாரம் முன்பே சொல்லி, மீதமுள்ள அமர்வுகளை நாள்காட்டியில் குழந்தையே அடித்து எண்ணட்டும். அந்த வாரங்களில் பழைய அடம் சில நாள் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு தேதியை நீட்டிக்க வேண்டாம், உணர்வைப் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம். வீட்டில் வாராந்தர அரைமணி நேரம் பழக்கத்தில் இருந்தால் அதை நிறுத்தாமல் தொடருங்கள்.